ஐந்தா, எட்டா?

"எட்டாம் நம்பர் என் பொண்ணு. இப்பவே சொல்லிடறேன்."

பேஸ் அக்கா இப்படிச் சொன்னதும், கண்டக்டர் வாயருகே கொண்டுபோன காபியை அப்படியே மேஜையில் வைத்தார். இவர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் அல்லர். மேடை நிறைய உட்கார்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவை ஒரு சின்னக் குச்சியால் கட்டி மேய்ப்பவர்.

அக்கா அந்த ஆர்கெஸ்ட்ராவின் மூத்த டபுள் பேஸ் கலைஞர். ஆளைவிட உயரமான வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு மாடியேறினால் முதுகு பிடித்துக்கொள்ளும். அவர் வரிசையில் ஓர் இடம் காலி. காலையிலிருந்து அதற்குத்தான் தேர்வு. வாசிப்பது யாரென்று, அக்காவும் கண்டக்டரும் உட்பட நடுவர்கள் ஐவருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. மேடைக்குக் குறுக்கே கறுப்புத் திரை. செருப்புச் சத்தம் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தரையெல்லாம் கம்பளம். பெயர் கிடையாது, நம்பர்தான். வடிகட்டியதில் ஐந்தும் எட்டும் மிஞ்சியிருந்தன.

"திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கண்டக்டர்.

"ஆளைத் தெரியல சார், பேஸைத் தெரியுது. அது என்னோட பழைய பேஸ். சின்ன வயசுல அவ அதை மாடிப்படியில உருட்டி விட்டுட்டா. பலகையில விரிசல். ஒட்ட வெச்சோம். ஆனா அன்னையிலிருந்து கீழ்த் தந்தியில ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ஒரு கரகரப்பு. தூக்கத்துல கேட்டாக்கூட எழுந்து உக்காந்துடுவேன்."

"தேர்வுக்கு வரேன்னு வீட்டுல சொல்லலையா?"

"அவ என்கிட்ட பேஸைப் பத்திப் பேசியே ரொம்ப நாளாச்சு."

மகளும் இதே தொழில்தான். யாராவது விடுப்பு எடுத்தால் பதில் ஆளாகப் போவாள். ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் ஓடுவாள். நிரந்தரமாக ஓர் இடம் மட்டும் அமையவில்லை. கிடைத்த சில்லறை வாய்ப்புகளுக்கும் 'எல்லாம் அம்மா தயவு' என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. அது காதில் விழுந்ததிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை அமுக்கும் ரப்பர் கட்டையைத் தந்தியில் மாட்டிக்கொண்டுதான் பயிற்சி. அம்மா தலையைக் காட்டினால் வில்லைக் கீழே வைத்துவிடுவாள். அக்காவுக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

தேர்வை நடத்தும் ஆர்கெஸ்ட்ரா மேலாளர் தலையைச் சொறிந்தார். "அப்போ நீங்க ஓட்டுப் போடக் கூடாதேக்கா. ஆனா உங்க ஓட்டு இல்லைன்னா ரெண்டுக்கு ரெண்டு. யாருக்கும் வேலை இல்லை, இடம் காலியாவே கிடக்கும்."

"நான் அஞ்சுக்குப் போட்டா? சொந்தப் பொண்ணுக்கு எதிரா ஓட்டுப் போட்டா யார் வந்து கேள்வி கேக்கப் போறா?"

நடுவர்களில் ஒருவரான வயலின்காரர் சிரிக்கப் போனார். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நியாயத்தைக் காட்டறேன்னு பெத்த பிள்ளை வயித்துல அடிக்காதீங்கக்கா. எட்டும் நல்லாத்தானே வாசிச்சது?" என்றார் அவர்.

"யார் இல்லைன்னா? கேக்கக் கேக்க எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா அஞ்சைக் கேட்டீங்களா? பாவம், சொந்தமா ஒரு பேஸ்கூட இல்லாத பிள்ளை போலிருக்கு. நம்ம ஸ்டோர் ரூம் பேஸை வாங்கி வாசிச்சிருக்கு. அந்த மரப்பெட்டியை நானே ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டவ. அதுல போய், அந்த மெதுவான பகுதியை..." அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "இத்தனை வருஷமா வில்லைப் பிடிக்கிறேன். எனக்கு அந்த இடம் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிட்டு நாளைக்கு நான் எப்படி சார் பேஸைத் தொடுவேன்?"

மேலாளர் பேனாவைத் திறந்தார். "அஞ்சுன்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க." அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வீட்டுல நானும் அவளும்தான். இன்னைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுன்னுதான் தெரியல."

இருவரையும் மேடைக்கு வரச்சொல்லி, ஊழியர்கள் திரையை விலக்கினார்கள். மகளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"எட்டாம் நம்பர், ரொம்ப நல்லா வாசிச்சீங்க," என்றார் கண்டக்டர். "ஆனா இந்தத் தடவை அஞ்சாம் நம்பருக்குத்தான்."

"பரவாயில்ல சார்," என்றது ஓர் ஆண் குரல்.

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். முன்பின் பார்த்திராத ஓர் இளைஞன், விரிசல் ஒட்டிய அந்தப் பேஸைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தான். "எனக்குச் சொந்தமா பேஸ் கிடையாது. இதுல வாசிங்கன்னு அவங்கதான் மாத்திக் குடுத்தாங்க," என்று பக்கத்தில் கைகாட்டினான்.

ஸ்டோர் ரூம் மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஐந்தாம் நம்பர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கரகரப்பைக் கேட்டா நீ கண்டுபிடிச்சிடுவேன்னுதான் மாத்தினேன்... கோவமாம்மா?"