பிடி!

"பிடி!" என்று அலறியபடி வானத்திலிருந்து வில்லன்மேல் விழுந்தான் கார்ட்டூன் பருந்துராஜன்.

பெங்களூரில் எடுத்த அந்தப் பழைய டிவி தொடரைக் கார்ட்டூன் காமெடியாகப் புதுப்பிக்கும் டைரக்டர் கவியரசன், பெருமையோடு விருந்தாளியைப் பார்த்தான். ஸ்ரீராம்புரம் கோவிந்தப்பா, அந்த ஹீரோவை உயரத்துக்குக் கொண்டுபோனவர் என்று சொல்லியிருந்தார்கள். கதாசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

"எப்படி சார்? அநியாயத்தைப் பிடின்னு ஒரே வார்த்தையில தத்துவம்! அந்த வீரம் குரல்ல வரணும்னு எட்டு பேரை மாத்தினேன்."

"வீரம் இல்ல சார், பயம். மேலே தொங்கின நடிகர் 'கயித்தைப் பிடி'ன்னு கத்தினாரு. நான்தான் கீழே கயிறு பிடிச்சிருந்தேன்."

"பிடிச்சிருந்தீங்க இல்ல, அப்புறம் எப்படி விழுந்தார்?"

"அப்ப எனக்குத் தமிழ் தெரியாது. கன்னடத்துல 'பிடி'ன்னா 'விடுங்க'. இவ்வளவு பெரிய ஹீரோ மரியாதையா கேக்கறாரேன்னு விட்டுட்டேன்."

கவியரசனின் தத்துவம் தரையில் கிடந்தது. இருந்தாலும் சமாளித்தான்.

"சரி, அதுக்கப்புறம் எல்லா எபிசோட்லயும் சிம்மாசனத்தை விட்டு எழுந்திரிக்காமலே ஜெயிப்பாரே, அந்தக் கெத்து?"

"கெத்து இல்ல சார்," என்றார் கோவிந்தப்பா. "மாவுக்கட்டு."