சொப்புக் காபி

உடல் எடைக்காக வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து தண்ணீரையே வாய் வாயாகத்தான் குடிக்கிறேன். காபிக்கு டாக்டர் முந்தாநாள்தான் தலையாட்டினார், அதுவும் கொஞ்சம்போல. இன்று மகளைப் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்கு வந்திருக்கிறேன். டம்ளர் காபியை மிச்சம் வைத்தால் அவர்கள் மனம் கோணும். குடித்தால் என் வயிறு தாங்காது.

சம்பந்தியம்மா குணவதி தட்டோடு வந்தார். தட்டில் எங்கள் பேத்தி விளையாடும் பித்தளைச் சொப்புகள். கட்டைவிரல் உயர டம்ளர்களில் காபி நுரைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டுமல்ல. அவரும், மகளும், மாப்பிள்ளையும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய மீசைக்காரரான சம்பந்தி தன் சொப்பை இரண்டு விரலால் பிடித்து, ஆற்றுவதற்காக ஊதினார். யாரும் சிரிக்கவில்லை.

நாக்கை நனைத்தேன். எத்தனை மாதமாகிவிட்டது இந்தக் கசப்பைத் தொட்டு! நான் முடிக்கும்வரை அவர்களும் உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களாண்ணா?" என்றார் குணவதி.

அறுவைக்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"போதுங்கம்மா, வயிறு நெறஞ்சிருச்சு."

"அப்ப எனக்கு ஊத்து" என்று சம்பந்தி தன் சொப்பையே நீட்டினார்.