பல் படம் போட்ட வண்டி

"இங்கதான் சார் எங்கயாவது நிக்கும்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் கவுன்ட்டர்க்காரர். சொன்னாரே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் கையில் பெட்டியோடு அந்தக் கார் நிறுத்தும் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டார். முந்நூறு கார்களாவது இருக்கும். அத்தனையும் வெயிலில் வரிசை கட்டி நின்றன. அவர் நான்கு நாளைக்கு முன்னால் காரை நிறுத்திய இடத்தில் யாருடையதோ ஒரு பழைய ஜீப் நின்றது.

விமான நிலையத்துக்குள்ளேயே நிறுத்தியிருக்கலாம். வெளியே மூன்று கிலோமீட்டர் தள்ளி, கம்பி வேலி போட்ட இந்த மைதானத்தைத்தான் அவர் தேடிப் பிடித்தார். இங்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வண்டிகளை முன்னே பின்னே நகர்த்தி இடம் பண்ணுவார்களாம். கொடுத்த சாவி மாட்டியிருந்த ஆணி இப்போது மொட்டையாக இருந்தது.

அவருடைய சொந்த வண்டி என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். இது அவர் மனைவியின் கார். அந்த அம்மாள் பல் டாக்டர். பின்கண்ணாடியில் சிரிக்கிற பல் ஒன்றை ஆசையாக வரைந்து வைத்திருந்தார். மேனேஜரின் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், ஒரு கீறல் விழக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நாளைக் காலை ஆறு மணிக்கு அதே வண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பல் சோதிக்கப் போக வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார்.

விமான நிலையத்திலிருந்து மைதானத்தின் இலவச வேன் வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் பெட்டிகளோடு இறங்கினார்கள். பெட்டிக் கைப்பிடிகளில் விமானக் கம்பெனிச் சீட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆளுக்கு இரண்டு நிமிடம். சாவியை வாங்கினார்கள், வண்டியை எடுத்தார்கள், போயே போய்விட்டார்கள். டாக்சியில் வந்து வாசலில் இறங்கிய மேனேஜர் மட்டும் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வயிறு எரிந்தது. ஊரில் உள்ளவன் வண்டியெல்லாம் பத்திரமாக இருக்கிறது, நம்முடையது மட்டும் என்ன பாவம் செய்தது?

போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, இறங்கிட்டீங்களா?"

"இப்பதாம்மா. பெட்டிக்காக நிக்கறேன்."

நல்ல வேளை, அந்த அம்மாள் எதிரில் நோயாளி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. சட்டென்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் மேனேஜருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ. மேசையைத் தட்டினார். போலீசுக்குப் போவேன், கோர்ட்டுக்கு இழுப்பேன், இந்தப் போர்டையே கழற்ற வைப்பேன் என்று குதித்தார். அலுவலகத்தில் நாற்பது பேரை அதட்டுகிற குரல் அது. கவுன்ட்டர்க்காரர் அசையவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"புகார் கட்டாயம் குடுக்கணும் சார். நானே ஸ்டேஷனுக்குக் கூட வர்றேன்."

வேண்டியதையும் அவரே பொறுமையாகச் சொன்னார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் ஊரில் இல்லை என்று எழுத வேண்டும். போக வர விமான டிக்கெட் வேண்டும். வண்டி வீட்டம்மா பெயரில் இருப்பதால் அம்மாவும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மேனேஜர் பேனாவை எடுத்தார். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிக்கெட் இருந்தால்தானே காட்டுவதற்கு? மனிதர் ஊரைத் தாண்டியே போகவில்லை. ஆபீஸ் வேலையாக டூர் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இதே ஊரில், மனைவிக்குத் தெரியக்கூடாத ஒருத்தியின் வீட்டில் நான்கு நாள் சொகுசாக இருந்துவிட்டு வருகிறார். பல் படம் போட்ட வண்டியை அந்தத் தெருவில் நிறுத்தினால் பாதி ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். அந்தப் பயத்தில்தான் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, வேனில் ஏறாமல் நடந்து போனார். இப்போது வண்டி போய்விட்டது. போய்விட்டது என்று வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை.

"புகாரெல்லாம் வேணாம்" என்றார். இன்னொரு தடவை தேடிப் பாருங்கள் என்று கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். நாற்பது பேரை அதட்டுகிறவருக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. அவர் எடுக்கவில்லை.

"முந்நூறு வண்டி நிக்குதேப்பா. அதுல என்னுது மட்டும் எப்படிப் போச்சு?"

கவுன்ட்டர்க்காரர் எழுதாத படிவத்தை மடிக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பேனாவையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

"எங்க வேன் வேணாம்னு சொல்லிட்டு வாசல் வழியா நடந்து போறாங்க பாருங்க, அவங்க வண்டி மட்டுந்தான் சார் இங்க காணாமப் போகும்."