சைவ வீட்டு ஃப்ரீசர்

ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்கு அடியில் இருந்த பொட்டலத்தை இடது கையின் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள் சண்முகசுந்தரி. கறுப்புக் கவர், வாயில் இறுக்கமாக டேப். ஒரு ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தும், அமுக்கினால் மெத்தென்று இருந்தது.

கறியேதான். சந்தேகமே இல்லை.

முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடு அது. அந்த வீட்டு ஃப்ரீசரில் கட்டின புருஷன் குருபிரசாத் ஆட்டுக்கறியை ஒளித்து வைத்திருக்கிறான்.

அவளிடம் ஆதாரம் இருந்தது. நேற்று சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அவன் போனில் பேசியதைக் காதால் கேட்டாள்.

"ஆமா ஸ்டெபி, சுத்தமான ஆடு. கலப்படமே கெடையாது... ரெண்டு நாள் ஃப்ரீசர்லயா? சரி, வச்சிருதேன்... வென்னி பட்டா சுருங்கிருமா? அப்ப பச்சத்தண்ணிதான்... இல்ல இல்ல, வீட்டுல சொல்லல."

ஸ்டெபி! ஆபீசில் அவனுக்குப் பக்கத்து சீட்டு. பாளையங்கோட்டைக்காரி. ஒட்டடைக்குச்சிக்குச் சுடிதார் மாட்டிவிட்டது போல இருப்பாள். ஆனால் வீட்டில் எதை எடுத்தாலும் அவள் பெயர்தான். ஸ்டெபி சொன்னா, புளியக் கொறைக்கணுமாம். ஸ்டெபி சொன்னா, சாம்பிராணிப் பொக ஆகாதாம்.

போன மாதம் அவளுக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்த செய்தியைக் கேட்டதும், சுந்தரி பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் போட்டாள். குருபிரசாத் அன்று ராத்திரி இரண்டு வாய் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டான்.

ஊட்டிக்குப் போகிறவள் சும்மா போகக்கூடாதா? கறியை ஊட்டிவிட்டா போகிறாள்? கறியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதை எப்படிப் பக்குவம் செய்வது என்று அவளிடம் போய்க் கேட்டாரே, அதுதான் பொறுக்கவில்லை. இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு நாளாவது அடுப்படியில் நின்று, சொதிக்கு என்ன போடுகிறாய் என்று என்னிடம் கேட்டிருப்பாரா?

கத்தரிக்கோலை எடுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கவரை வெட்டினாள்.

ரத்தம் இல்லை. வாடை இல்லை. உள்ளே கிளிப்பச்சையில் ஒரு ஸ்வெட்டர். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று, பூனைக்குட்டி வயிறு போல அத்தனை மிருது. கழுத்துப் பட்டையில் சின்னதாக ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து. எஸ்.

சண்முகசுந்தரியின் எஸ்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருகிற வாரம் கல்யாண நாள். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து கொடைக்கானல், கொடைக்கானல் என்று சொல்லிப் பாபநாசத்தைத் தாண்டாத மனுஷன், கடைசியில் கூட்டிப் போகப் போகிறார். ஸ்டெபியிடம் வெறும் யோசனைதான் கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளையைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! விடலை போட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. உள்ளே வந்த குருபிரசாத் அவள் மடியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"அத ஏன் எடுத்த?"

"நான் கறின்னுல்லா நெனச்சேன் அத்தான்! ஆடுன்னு பேசுனிய, ஃப்ரீசர்னு பேசுனிய!"

அவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "கறியா! ஏட்டி, இது காஷ்மீர் ஆட்டு ரோமம். புதுசு வாங்க நம்மால ஆவுமா? போன்ல பாத்துப் பழசு வாங்குனேன். யாரோ ரெண்டு தடவதான் போட்டுருக்காவ. பழசுல பூச்சி முட்ட இருந்தாலும் இருக்குமாம். அதான் ரெண்டு நாள் குளிர்ல போட்டது."

"தொவைக்கது எப்பிடி?"

"பச்சத்தண்ணில பிள்ளையளுக்குப் போடுத ஷாம்பு ஊத்தி, பைய பைய அலசணும். முறுக்கப்பிடாது. துண்டுல சுருட்டி ஈரத்த எடுத்துட்டு, நெழல்ல படுக்கப் போட்டுக் காய வைக்கணும். கொடியில தொங்க விட்டா நீண்டு போவும்."

மழை வந்தால்கூடக் கொடியிலிருந்து அவள் சேலையை எடுத்துப் போடாதவன் இத்தனையும் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். சுந்தரிக்குக் கண் கலங்கியது.

"எனக்கா அத்தான்?"

அவன் சட்டைப் பித்தானைத் திருகினான். "பின்ன... வேற யாருக்கு?"

"போட்டுப் பாக்கேன்."

"இந்த வேக்காட்டுலயா? பொறவு பாக்கலாம்."

அதற்குள் அவள் கையை நுழைத்துவிட்டாள். முழங்கைக்கு மேல் அது ஏறவில்லை. தலையை விட்டுப் பார்த்தாள். தோளில் வந்து சிக்கிக்கொண்டது.

"இழுக்காத, பிஞ்சிரும்!" என்று பதறினான்.

"சுருங்கிட்டோ? நான் வென்னியே ஊத்தலியே..."

மெதுவாகக் கழற்றினாள். கழுத்துப் பட்டையை மறுபடியும் பார்த்தாள். அவளுடைய நைட்டிகளிலும் இதே இடத்தில் எழுத்து இருக்கும். எக்ஸ்.எல்.

பெயர் இல்லை அது. அளவு.

குருபிரசாத் சுவர்க் காலண்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவள் ஸ்வெட்டரைக் கசங்காமல் மடித்து, அதே கவரில் சுற்றி, ஐஸ் தட்டுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஊட்டியில குளிரு ரொம்ப இருக்குமோ?"

அவன் காலண்டரில் அடுத்த தாளைப் புரட்டினான். அவள் ஃப்ரீசர் கதவைச் சாத்தினாள்.

"இது கறியாவே இருந்திருக்கலாம் அத்தான்."