பீப்பா மணம்

புளியங்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் மகேஸ்வரி, ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் முகத்தைச் சுளித்துச் செம்பைக் கீழே வைத்தார்.

"சாராய மணம் வருது. குடிகார வீட்டில பெம்பிளை எடுக்கமாட்டம் எண்டு தரகரிட்ட முதலே சொன்னனாங்கள்."

பெண்ணின் தகப்பன் காளிமுத்து பதறினார். "ஐயோ அம்மா, நான் தொடுறதே இல்லை. பரந்தனில சாராயக் கிட்டங்கியில கூலி வேலை செய்தனான். சண்டை தொடங்கி அதைப் பூட்டேக்குள்ள ஒரு பழைய பீப்பா தந்தவை. அதிலதான் தண்ணி நிரப்பி வைக்கிறம்."

"இப்பிடிக் கதை கனக்கக் கேட்டிட்டன்" என்று மகேஸ்வரி எழுந்தார்.

கதவருகே நின்ற மகள் யோகராணியின் கண் கலங்கியதைக் கண்டு மாப்பிள்ளை தயாபரனுக்கு மனம் பொறுக்கவில்லை. செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"அம்மா, அவர் சொல்லுறது உண்மை. இது பீப்பா மணந்தான். முதல் இதில பனம்பாணி இருந்திருக்கு. பிறகு, வேற பீப்பாவில ஊறின தென்னஞ்சாராயத்தைக் கடைசி ரெண்டு மூண்டு மாசம் இதுக்கு மாத்தி வைச்சிருக்கினம். அப்பிடி மாத்தினால்தான் காட்டம் அடங்கும். விழுங்கின பிறகும் தொண்டையில பாணி இனிப்பு நிக்கும்."

காளிமுத்து வியந்துபோனார். "அச்சொட்டாச் சொல்லிப்போட்டீர் தம்பி. இருபது வருசம் பீப்பா உருட்டின எனக்கே தொண்டையில என்ன நிக்கும் எண்டு தெரியாது."

மகேஸ்வரி மகனைத் திரும்பிப் பார்த்து, "வெளிக்கிடு" என்றார்.

யோகராணி கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அவசரப்படாதேங்கோ மாமி. செம்பில இன்னும் இருக்கு. அவர் குடிச்சு முடிக்கட்டும்."