வரிசையில் இன்னொருவன்

மஞ்சக்குப்பம் அரசு அலுவலகத்தில், ஜன்னலுக்கு மேலே நீட்டிய தகரத்தின் துண்டு நிழலில் நாகேஸ்வரி நிற்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போக அகதி முகாமிலிருந்து நான்கு நாள் அனுமதி கேட்கும் மனுவால் விசிறிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுச் சுகந்தினி கைப்பேசியில் செய்தி வாசிக்கிறாள். இலங்கையில் போர் முடிந்த அன்று நாகேஸ்வரியின் கணவனைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோன ராணுவ அதிகாரி இப்போது ஜெனரல். அப்படிக் கொண்டுபோனவர்கள் யாரும் திரும்பவில்லை; அந்தக் கொடுமைகளுக்காக, வெளிநாடு ஒன்று தன் மண்ணில் அவன் கால் வைக்கத் தடை போட்டிருக்கிறது. “அங்க இருக்கிற அவன்ட மகளின்ட பிள்ளைப்பேறுக்கும் போகேலாதாம், மாமி.” “திரும்ப வாசி.” சுகந்தினி திரும்ப வாசிக்கிறாள். “ஜெயில் இல்லையோ?” “இல்லை. விசா இல்லை, அவ்வளவுதான்.” “இது காணாது, போதாது,” என்கிறாள் நாகேஸ்வரி. ஜன்னலுக்குள்ளிருந்து எழுத்தரின் கை நீள்கிறது. “என்னம்மா, இதோட மூணாவது மனு. எதுக்குப் போறீங்க, எப்ப திரும்புவீங்க, எல்லாம் எழுதியிருக்கீங்களா?” அவள் சிரித்துவிடுகிறாள். இனி மகளைப் பார்க்கப் போக அந்த ஜெனரலிடமும் இதையெல்லாம் கேட்பார்கள். பதக்கங்கள் குத்திய சட்டையோடு, கையில் மனுவோடு, தன் முதுகுக்குப் பின்னால் அவன் நிற்பதாக நினைத்துக்கொள்கிறாள். உடனே கால்களை அகட்டி, முந்தானையை விரித்துப் பிடித்து, நிழல் முழுவதையும் அடைத்துக்கொள்கிறாள். பின்னால் வெயில் மட்டும் காய்கிறது.