விட்ட இரண்டு வார்த்தைகள்

மைதானத்தின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து, பஞ்சும் கத்தரிக்கோலும் கிடக்கும் தட்டை அதிரவைக்கிறது. குழல்விளக்கின் கீழ், படுக்கை விளிம்பில் சேறும் ரத்தமுமாக உட்கார்ந்திருக்கிறான் கானர் ஆக்ராய்ட். பதினான்கு வருடமாக இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரக்பி லீக் ஆடித்தான் அவனுக்குச் சோறு. சற்று முன்புதான் எதிராளியின் முழங்கால் அவன் நெற்றியில் இறங்கியது. மூளை கலங்கியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சொன்ன ஐந்து வார்த்தைகளில் மூன்றைத் திருப்பிச் சொல்லியிருக்கிறான். டாக்டர் கணினியைப் பார்க்கிறார். "ஜனவரிலயும் மூணுதான். வித்தியாசம் இல்ல, ஆடலாம்." கதவோரம் நிற்கும் மனைவி ஷெரிலுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சீசனுக்கு முன்னால் நடக்கும் இதே ஞாபகச் சோதனையில் வேண்டுமென்றே சொதப்பிவைப்பது இந்த அணியில் எல்லோருக்கும் வழக்கம். பிறகு அடிபட்டாலும் குறைவு தெரியாதாம். ஜனவரியில் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மகராசன், இப்போது ஏற்கெனவே கட்டியிருக்கும் பூட்ஸ் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். ஆடும்போது அவன் வாயில் மாட்டும் பல்லுறை அவள் கைக்குள் ஈரமாக இருக்கிறது.

"குடுடி அதை. இந்த மாசம் ஒப்பந்தம் பேசுறாங்க. இன்னைக்கு வெளிய உட்கார்ந்தா என்னைத் தூக்கிருவாங்க."

"ஜனவரில நடிச்ச. இன்னைக்கு?"

"இன்னைக்கும் வேணும்னுதான் ரெண்டை விட்டேன்."

டாக்டர் நிமிர்கிறார். பல்லுறை அவள் கைக்குள் நசுங்குகிறது.

"சரி. விட்ட அந்த ரெண்டையும் இப்ப சொல்லு."

அவன் வாயைத் திறக்கிறான். வெளியே கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. வாய் திறந்தபடியே இருக்கிறது.